தெற்கே தொடங்க வேண்டிய பயணம்

திருவனந்தபுரத்திலிருந்து பௌத்தத் தலங்களுக்குக் குழுவாகப் புறப்படுகிறவர்களின் பயணநிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது: புத்தகயை, சாரநாத், குசிநகர், எல்லை தாண்டி லும்பினி, நாள் மிஞ்சினால் ராஜகிருகம், நாளந்தா, வைசாலி, சிராவஸ்தி. ரயில் வசதியும் உண்டு. கொச்சுவேளி என்ற பெயர் மாறி இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று வழங்கும் நிலையத்திலிருந்து கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால், குசிநகருக்கும் லும்பினிக்கும் வாசலான ஊரிலேயே இறங்கலாம். பணம் சேர்த்து, வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகிறவர்களின் ஆர்வம் மதிப்புக்குரியது. ஆனால் எந்த ஊர் பயணநிரலில் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதற்குள் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு இருக்கிறது. பௌத்தம் கங்கைச் சமவெளியில் பிறந்து அங்கேயே வாழ்ந்து முடிந்த சங்கதி, தென்கோடியில் இருப்பவர்கள் அதைப் பார்க்க விருந்தாளிகளாகப் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்துக் குழு ஒன்று வடக்கே போகும் முன், தன் ஊருக்குக் கிழக்கே நிற்கும் மலையையும், தெற்கே சிதறாலையும், கருநாகப்பள்ளி முதல் அம்பலப்புழை வரையுள்ள கடலோரத்தையும் அறிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் வாதம்.

வழக்கமான நிரல் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கலாம். பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் அறவுரை சொன்ன இடம், பரிநிர்வாணம் அடைந்த இடம் ஆகிய நான்கையும் அடியவர்கள் சென்று காண வேண்டும் என்பது பாலி மொழியிலுள்ள மகாபரிநிப்பான சுத்தத்தின் வாக்கு. அசோகர் தாம் அரசேறிய பத்தாம் ஆண்டில் போதி மரத்தடிக்குச் சென்றதைத் தம் எட்டாம் பாறைக் கட்டளையில் சொல்கிறார். வேட்டைப் பயணங்களை விட்டுத் தரும யாத்திரை மேற்கொண்டதாக அவர் குறிப்பிடுவதும் அங்கேதான். பின்னாளில் இந்த இடங்களிற் பல மறக்கப்பட்டன. குசிநகர் எது, சிராவஸ்தி எது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லாத நிலை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை மீட்டவர்களில் முதன்மையானவர் அலெக்சாண்டர் கன்னிங்காம். 1861இல் தொல்லியல் அளவையாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்தது 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் பயண நூல். பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் ஜூலியன் அதை மொழிபெயர்த்து வெளியிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. யுவான் சுவாங் இத்தனை லீ தொலைவு, இன்ன திசை என்று எழுதி வைத்ததை அளந்துகொண்டே கன்னிங்காம் நடந்தார். 1876இல் அவருடைய உதவியாளர் கார்லைல் குசிநகரின் மண்மேட்டைத் தோண்டிப் பள்ளிகொண்ட புத்தர் சிலையை வெளிக்கொண்டுவந்தார். 1891இல் அநகாரிக தர்மபாலர் மகாபோதி சங்கத்தைத் தொடங்கிய பிறகு, இந்த அகழாய்வு வரைபடமே யாத்திரை வரைபடமாகவும் ஆகிவிட்டது. இன்றைய டூர் பேக்கேஜ் அதன் நேர் வாரிசு. குறை கன்னிங்காமிடம் இல்லை. தம் கையில் இருந்த விளக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் காட்டியதோ அவ்வளவு தூரம் அவர் போனார். விளக்கு எட்டாத இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

ஏனெனில் யுவான் சுவாங் தெற்கே காஞ்சிபுரத்தோடு நின்றுவிட்டார். அதற்கப்பால் உள்ள மலகூட நாட்டை அவர் கேள்விப்பட்டே எழுதினார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அந்தக் கேள்வி அறிவிலும் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. பழைய விகாரைகள் பல அங்கே சுவர் மட்டும் மிஞ்சிய நிலையில் கிடக்கின்றன என்கிறார். மலய மலையை அடுத்துப் போதலகம் என்றொரு மலை இருப்பதாகவும், அது அவலோகிதேசுவரர் உறையும் இடம் என்றும் சொல்கிறார். திபெத்தின் லாசா நகரத்து அரண்மனைக்குப் போதாலா என்று பெயர் வந்தது இந்தத் தென்னாட்டு மலையின் நினைவால்தான். அது எந்த மலை? ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகா, தமிழ் இலக்கியம் பொதியில் என்று போற்றும் மலையே அது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மலைத்தொடரின் உச்சியான அகத்தியர்கூடம், 1868 மீட்டர் உயரத்தில், இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் நிற்கிறது. இதை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இதற்குத் தமிழிலேயே ஒரு துணைச் சான்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. சைவ மரபு சிவபெருமானிடம் வைக்கும் ஆசிரியப் பொறுப்பை ஒரு பௌத்த இலக்கணி போதிசத்துவரிடம் வைத்திருக்கிறார். ஒரு மலைக்கும் அதன் முனிவருக்கும் இரு சமயத்தார் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள் என்ற அளவுக்கு இது வலுவான சான்று. இன்று அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை அனுமதி பெற்று ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கும்?

இலக்கியத்தை விட்டுச் செப்பேட்டுக்கு வந்தால் நிலம் இன்னும் கெட்டியாகிறது. சேந்தமங்கலத்துப் பாலியத்தச்சன் குடும்பத்தாரிடம் இருந்த செப்பேடுகளைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் முதல் கண்காணிப்பாளர் து. அ. கோபிநாத ராவ் பதிப்பித்தார். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தத் தலத்துக்கு நிலம் கொடுத்த ஆவணம் அது; புத்தரையும் தர்மத்தையும் சங்கத்தையும் போற்றித் தொடங்குகிறது. தமிழும் வடமொழியும் அதில் உண்டு. காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதி என்பார் சிலர். அடுத்த நூற்றாண்டின் முற்பகுதி என்பார் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும், பக்தி இயக்கம் தமிழ்நாட்டில் பௌத்தத்தையும் சமணத்தையும் துடைத்தெறிந்துவிட்டது என்று பள்ளிப் பாடம் சொல்லும் காலத்துக்குப் பின்னால், விழிஞத்தைக் கடற்றுறையாகக் கொண்ட ஓர் அரசன் பௌத்தக் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்திருக்கிறான். இதே வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், சிதறால் குன்றில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன் அணி கொடுத்ததை ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. இதே ஆய் மரபில் 866இல் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயில் எடுத்து, 95 மாணவர்கள் தங்கிப் படிக்கச் சாலை ஒன்றையும் அமைத்தான்; காந்தளூர்ச் சாலையின் முறைமைதான் அதற்கு மாதிரி. வேதம் படிக்கும் சாலை, சமணக் குன்று, பௌத்தத் தலம் ஆகிய மூன்றும் ஒரே அரச குடியின் காலத்தில் இருந்தவை. கங்கைச் சமவெளித் தலங்களில் புத்தரின் வாழ்க்கையைக் காணலாம். பௌத்தம் பிற சமயங்களோடு அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்ததைக் காண ஆய்நாட்டுக்குத்தான் வர வேண்டும். சிதறாலைப் பௌத்தப் பயணத்தில் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

ஸ்ரீமூலவாசம் எங்கே இருந்தது? ஆலப்புழை மாவட்டத்துத் திருக்குன்னப்புழைக் கரையில் இருந்து கடல் கொண்டுபோயிற்று என்பது பலர் ஏற்கும் கருத்து. கடல் அந்தத் தலத்தை அரித்தது வெறும் ஊகம் இல்லை. வடகேரளத்து மூஷிக அரசர்களைப் பற்றி அதுலர் பாடிய மூஷிகவம்சம் என்ற காவியத்தில், விக்கிரமராமன் என்ற அரசன் பெரும் பாறைகளை இட்டுக் கடலரிப்பிலிருந்து அதைக் காத்த செய்தி வருகிறது. கேரளத்தின் வடகோடி அரசன் ஒருவன் தென்பகுதியிலுள்ள பௌத்தத் தலத்துக்குக் கல் கொட்டியிருக்கிறான் என்றால், அது உள்ளூர்க் கோயிலாக மட்டும் இருந்திருக்க முடியாது. கேரளத்துக்கு வெளியே வெகு தொலைவில் எழுதப்பட்டு, பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே எடுத்துக்காட்டிய பெயர்க்குறிப்பு ஒன்றும், தட்சிணாபதத்து மூலவாசத்தின் லோகநாதரைத் தனியே குறிக்கிறது. லோகநாதர் என்பது அவலோகிதேசுவரருக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. மலையில் போதலகம், கரையில் மூலவாசம் என்று ஒரே போதிசத்துவரின் புகழ் இரண்டு இடங்களில் நிற்பதைப் பார்க்கும்போது, யுவான் சுவாங்கின் கேள்வி அறிவு வெறுங்கதை அல்ல என்று நினைக்க இடம் உண்டு.

இனி, கண்ணால் காணக்கூடியவை. அம்பலப்புழைக்குக் கிழக்கே, கருமாடியில், தோட்டுக்கரையில் ஒரு கருங்கல் சிலை இருக்கிறது. சுமார் மூன்றடி உயரம். ஊரார் அழைக்கும் பெயர் கருமாடிக்குட்டன். சம்மணமிட்டு அமர்ந்த உருவம், இடப்பாகம் இல்லை. தோளிலிருந்து மடி வரை வெட்டி எடுத்ததுபோல் வெறுமையாக இருக்கிறது. எஞ்சிய வலப்பாதியில் மார்பின் குறுக்கே ஓடும் மேலாடைக் கோட்டைக் கிட்டே நின்று பார்த்தால்தான் தெரியும். யானை உடைத்தது என்றொரு கதை உண்டு. சமயப் பகையில் உடைக்கப்பட்டது என்றொரு கதையும் உண்டு. கல்லில் இருப்பது உடைப்பு மட்டுமே. யார், எப்போது, ஏன் என்பதற்கு அது பதில் சொல்லாது. மாவேலிக்கரையில் இன்னொரு சிலை ஊர் நடுவில் இருக்கிறது; அந்தச் சந்திப்பின் பெயரே புத்த ஜங்ஷன். காயங்குளத்துக் கிருஷ்ணபுரம் அரண்மனை வளாகத்தில் மற்றொன்று காட்சிக்கு இருக்கிறது. கருநாகப்பள்ளி அருகே மருதூர்குளங்கரையிலும், பள்ளிக்கல், பரணிக்காவு பகுதிகளிலும் கிடைத்தவற்றையும் கோபிநாத ராவ் முதல் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். சிற்பப் பாணியைக் கொண்டு காலம் கணிக்கிறவர்கள் ஒரே நூற்றாண்டைச் சொல்வதில்லை. ஆனால் இவை எல்லாம் கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடைப்பட்ட குறுகலான கடலோர நிலத்தில்தான் கிடைத்திருக்கின்றன. மூலவாசம் இருந்திருக்கும் என்று ஆவணங்களைக் கொண்டு ஊகிக்கும் பகுதியும் சிலைகள் கிடைத்த பகுதியும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். நாளந்தாவின் செங்கல் வரிசைகளையும் சாஞ்சியின் தோரணங்களையும் விட்டு, உடைந்த சிலைகள் சிலவற்றுக்காக ஒரு குழுவை வழியில் இறக்குவது சரிதானா? கண்ணுக்கு விருந்து தேடுவோருக்கு இந்தக் கரையில் அதிகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எஞ்சியதன் அளவைக் கொண்டு இருந்ததன் அளவை முடிவு செய்வது தவறு. கேரளத்துக் கட்டடம் மரத்தையும் செங்கல்லையும் வெட்டுக்கல்லையும் நம்பியது. ஆண்டுக்கு இரண்டு பருவ மழை, அரிக்கும் கடல், ஒருவர் கைவிட்டதை அடுத்தவர் எடுத்துக் கட்டிக்கொள்ளும் நெருக்கமான குடியிருப்பு இவற்றுக்கு நடுவே ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தது கருங்கல் மட்டுமே. பெரிய கட்டடமும் எவ்வளவு எளிதில் மறையும் என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. ஸ்ரீவிஜய மன்னர் பெயரால் எழுந்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு பின்னாளில் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சர் வால்டர் எலியட் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1867இல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். 1856 தொடங்கி அங்கே மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. பல இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் திருமேனிகளும் செப்பேடும் கிடைக்காமல் போயிருந்தால், நாகப்பட்டினத்தில் பௌத்தமா என்று நாமே சிரித்திருப்போம்.

இதற்கு நேர் எதிரான ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. கேரளத்தில் பௌத்தம் என்று பேசத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பது தெரியாதா? பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் பௌத்த ஊர், சாஸ்தா கோயிலெல்லாம் பழைய விகாரை, சரணம் விளிப்பதெல்லாம் திரிசரணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். பள்ளி என்ற சொல் சமணருக்கும் உரியது. இன்று கிறித்தவரும் முஸ்லிம்களும் தங்கள் வழிபாட்டிடத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். புத்தருக்குரிய பெயர்களில் ஒன்றாகச் சாஸ்தா என்பதை அமரகோசம் சொல்வது மெய். அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட கோயிலின் பூர்வீகத்துக்குத் தாவ வழி இல்லை. அந்தக் கோயிலின் கல்வெட்டோ, அங்கே கிடைத்த சிலையோ, அகழாய்வோ பேச வேண்டும். இந்த மிகை வளர்வதற்குக் காரணம் மெய்யான சான்றுகளை மக்கள் நேரில் கண்டு பழகாததுதான் என்று தோன்றுகிறது. கருமாடிச் சிலையின் முன் நின்று, இது உறுதி, இது ஊகம், இது கதை என்று பிரித்துச் சொல்லக் கேட்ட ஒருவர், ஊர்ப்பெயரை மட்டும் வைத்து எழுப்பும் கோட்டையை எளிதில் நம்பமாட்டார். வடக்கே இந்தப் பயிற்சிக்கு இடம் குறைவு. அங்கே வழிகாட்டிப் பலகையும் வேலியும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

வரலாற்று ஆராய்ச்சிக்காக யாரும் யாத்திரை போவதில்லை, புண்ணியத்துக்கும் மன அமைதிக்கும் போகிறார்கள் என்று சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். நான்கு தலங்களின் இடத்தைக் கருமாடிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அறியாமை. ஆனால் பௌத்த யாத்திரையின் பழைய வரலாற்றிலேயே பக்தியும் சொந்த ஊரும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. ரப்திசாகர் போபாலைத் தாண்டியதும் சாஞ்சிக் குன்றின் ஓரமாகப் போகிறது. அந்தக் குன்றின் வேலிக் கற்களிலும் தளக் கற்களிலும் 600க்கு மேற்பட்ட கொடைக் குறிப்புகள் உள்ளன. துறவிகள், பெண் துறவிகள், வணிகர்கள், குடும்பத் தலைவியர் எனக் கொடுத்தவர்கள் தம் பெயரோடு ஊரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள்; தெற்குத் தோரணத்தில் விதிசையின் தந்த வேலைக்காரர்கள் கூட்டாகத் தம்மைக் குறித்திருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பது அவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தியாக இருந்தது. மணிமேகலையிலும் அப்படித்தான்: வஞ்சியில் அவள் தன் பாட்டன் மாசாத்துவானைச் சந்திக்கும்போது, கோவலனுக்கு ஒன்பது தலைமுறைக்கு முந்திய முன்னோன் ஒருவன் அந்த நகரில் புத்தருக்குச் சைத்தியம் எடுத்த கதையை அவன் சொல்கிறான். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற வழக்கு தீரவில்லை. சேர நாட்டுத் தலைநகரில் பௌத்தம் ஒரு குடும்பச் சொத்தாக நினைக்கப்பட்டது என்பதற்கு அந்த வழக்குத் தீர வேண்டியதில்லை.

அண்மைக் காலத்திலும் இந்தத் தொடர்பு அறுபடவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காயிக்கரையில் 1873இல் பிறந்து தோன்னக்கலில் வாழ்ந்த குமாரன் ஆசான், எட்வின் அர்னால்டின் நூலைத் தழுவிப் புத்த சரிதம் எழுதினார். சண்டாளபிட்சுகி, கருணா இரண்டும் பௌத்தக் கதைகளின் மேல் எழுந்தவை. சாதிக் கொடுமைக்கு மாற்றாக ஈழவர் பௌத்தம் தழுவ வேண்டும் என்ற குரல் அன்று வலுவாக இருந்தது. அதை ஏற்காமல் ஆசான் எழுதிய மறுப்பும் புகழ்பெற்றது. பௌத்தத்தை நெஞ்சார நேசித்தும் மதமாற்றத்தை ஏற்காத அவர் நிலைக்குள் இருக்கும் சிக்கல், இன்றைய யாத்திரிகர் ஒருவருக்குத் தரும் சிந்தனை கொஞ்சமில்லை. 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து போன ரிடீமர் படகு பல்லனையாற்றில் கவிழ்ந்து அவர் இறந்தார். பல்லனை, திருக்குன்னப்புழைக்குப் பக்கத்து ஊர். தோன்னக்கல், கருநாகப்பள்ளி, கிருஷ்ணபுரம், மாவேலிக்கரை, பல்லனை, கருமாடி என்று வடக்கு நோக்கி ஒரு பேருந்து ஒரே நாளில் போய்விடலாம். சிதறாலுக்குத் தனியாக ஒரு காலைப்பொழுது போதும். அங்கே படியேற வேண்டியிருப்பதால் பெரியவர்களை வெயிலுக்கு முன் அழைத்துப் போவது நல்லது.

வழிபாட்டில் இருக்கும் சிலைகளை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்ற கவலையும் சரியானதே. மாவேலிக்கரையில் புத்தருக்கு விளக்கேற்றுகிற ஊராரிடம் போய், நீங்கள் கும்பிடுவது யாரை என்று விசாரணை நடத்தும் குழு தீங்கு செய்யும் குழு. ஊரார் பேணியதால்தான் அந்தச் சிலை இன்றைக்கும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுப் படமெடுத்து, குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்தச் சிலைகளிற் பல கிடைத்த இடத்தில் இல்லை. வயலிலிருந்து குளக்கரைக்கு, அங்கிருந்து சாலையோரத்துக்கு, அரண்மனை முற்றத்துக்கு என்று இடம் மாறியவை. ஒவ்வொரு மாற்றத்திலும், கூடக் கிடந்த செங்கல், பீடம், உடைந்த துண்டு பற்றிய தகவல் கழன்றுபோகிறது. எந்த வயல், யார் ஏர் ஓட்டும்போது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பது சில வீடுகளில் பேச்சாக இன்னும் இருக்கக்கூடும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சிறு கையேடு, ஒவ்வொரு சிலைக்கும் கிடைத்த இடம், இடம் மாறிய ஆண்டு, பதிப்பித்தவர் கருத்து, ஊர் வழக்கு இவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதி, பயணக் குழுக்களின் கையில் இருக்க வேண்டும். கோபிநாத ராவின் ஆங்கிலக் கட்டுரைகள் நூலக அடுக்கில் இருப்பது இதற்குப் போதாது. தொல்லியல் துறையும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் சேர்ந்தால் இதை ஓரிரு ஆண்டில் முடித்துவிடலாம். சிலை கிடைத்த வயலைச் சுட்டிக்காட்டக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.